ஒட்டோ கியர் டபுள் கேப்பின் கூலர் பைப்: கடற்கரை வாகனத்துக்கு எதைப் போடுவது, ஏன்

திருகோணமலை கொட்பே துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி தம்புள்ளைப் பக்கம் போகும் பழைய டீசல் டபுள் கேப் ஒன்று, கந்தளாய் தாண்டி ஏ6 வீதியில் நின்றுவிட்டது. சாரதி தொலைபேசியில் சொன்னது ஒரே வரி: "அண்ணே, ரேஸ் பண்ணினா சத்தம் மட்டும்தான் வருது, வண்டி இழுக்குதில்ல." அதற்கு மேல் ரேஸ் பண்ணாமல் உடனே இஞ்சினை நிறுத்தியிருந்தார். கியர் பொக்ஸ் பிழைத்தது அதனால்தான்.

கீழே குனிந்து பார்த்தால் குறுக்குச் சட்டம், சம்ப் பாதுகாப்புத் தகடு, சைலன்சர் எல்லாம் சிவப்பு ஒயில். கியர் ஒயிலைக் குளிரவைக்கக் கியர் பொக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் கூலர் பைப் இரண்டில் ஒன்று எப்போதோ துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு சாண் அளவு வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளுக்கும் இடையில் ரப்பர் ஹோஸ் செருகி கிளிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஹோஸ்தான் ஒரு முனையிலிருந்து கழன்று தொங்கியது.

கூலர் பைப் உடைந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐடிலில் இந்தப் பைப் வழியாக 20 செக்கனில் ஏறத்தாழ 1 லீற்றர் ஓடும். நிமிடத்துக்கு 3 லீற்றர். கியர் பொக்ஸின் அடித்தட்டான சம்பில், பம்ப் உறிஞ்சக்கூடியதாக நிற்பது நாலைந்து லீற்றர்தான். ஓடும் வேகத்தில் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும், கிளச் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் எரியும். பிரேக் ஒயில் போனால் பெடலில் தெரியும், ரேடியேட்டர் தண்ணீர் போனால் முள்ளில் தெரியும். கியர் ஒயில் போவதை முன்கூட்டிச் சொல்ல பெரும்பாலான பழைய பிக்கப்களில் எதுவும் இல்லை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் எல்லோரும் இருந்ததையே ஓட்டினார்கள். ஆகவே பதினைந்து வருடத்தைத் தாண்டிய டபுள் கேப்கள் இன்னும் கடுமையாக உழைக்கின்றன. அவற்றின் கூலர் பைப் பெரும்பாலும் கம்பனியில் போட்டதே. உப்புக்காற்றிலும் ஐஸ் தண்ணீரிலும் பதினைந்து வருடம் கிடந்த மெல்லிய உருக்குப் பைப் அது.

பைப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சிவப்பு ஒயில் என்றவுடன் கூலர் பைப் என்று முடிவு கட்டக் கூடாது. பல வாகனங்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் அதே வகைச் சிவப்பு ஒயில்தான். ஓடும்போது காற்று அடித்து எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்துவிடும். டீசலால் கழுவி, துடைத்து உலர்த்தி, சந்தேகமான இடங்களில் பேபி பவுடரைத் தூவி, இஞ்சினை ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் கசிவு தொடங்கும் இடத்தில் வெள்ளைத் தூளில் சிவப்புக் கோடு விழும். இந்த வாகனத்தில் கழன்ற ஹோஸை ஒப்புக்கு மாட்டி, ஒயில் விட்டுச் சோதித்தபோது இரண்டாவது பைப்பிலும் ஒரு கோடு விழுந்தது. கியர் பொக்ஸின் கழுத்துக்குக் கீழே உள்ள தாங்கிக் கிளிப்பை விலக்கிப் பார்த்தால், ரப்பருக்குள் பைப் கரும்பழுப்பாகச் செதில் செதிலாக நின்றது. சுரண்டும் கத்தியால் தட்டியதும் ஊசித் துளை திறந்தது. பைப் வெளியே நல்லாகத் தெரிவதும் கிளிப்புக்குள் தின்னப்பட்டிருப்பதும் எங்கள் பக்கத்தில் வழமை. அந்த ரப்பர், மண்ணையும் உப்புத் தண்ணீரையும் பஞ்சு போலப் பிடித்து வைத்திருக்கிறது.

இரண்டாவது, ரேடியேட்டர். கூலர் அதன் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே ஓட்டையானால் கூலன்றும் கியர் ஒயிலும் கலந்து, டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்புப் பால் போல வரும். அப்படி வந்தால் பைப் மாற்றி வேலையில்லை. ரேடியேட்டரும் போக வேண்டும், கியர் பொக்ஸையும் திறக்க வேண்டி வரலாம். இங்கே கூலன்ற் சுத்தமாக இருந்தது. இருந்தாலும் இஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, கூலரின் ஒரு வாயை அடைத்து, மறு வாயால் 2 பார் காற்று கொடுத்துப் பத்து நிமிடம் பார்க்கப்பட்டது. கூலன்றில் குமிழி வரவில்லை.

மூன்றாவது, கியர் பொக்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது. சம்ப் தட்டையே கழற்றியபோது அதனுள்ளிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும்தான் இருந்தது. ஒயிலில் கருகல் வாசம் இல்லை. பளபளக்கும் துண்டுகளோ கறுப்புத் தூளோ அள்ள அள்ள வந்திருந்தால் கூலரையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். உடைந்த கியர் பொக்ஸின் குப்பை கூலரின் மெல்லிய வழிகளில் தங்கி, புதுப் பைப் போட்ட பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

பழைய ஒட்டு ஏன் கழன்றது

கழன்ற ஹோஸை நீளவாக்கில் கத்தியால் பிளந்து விரித்தால் கதை முழுவதும் தெரிந்தது. உள் ரப்பர் ஊதி, மென்மையாகி, பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. வெளியே மங்கலாக இருந்த அச்சைப் படித்தால் அது ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் ஹோஸ். அந்த ரப்பர் கூலன்றுக்கு அருமையானது. ஒயில் பட்டால் குடித்து ஊதும்.

அடுத்த தவறு முனையில். வாள்பிளேட்டால் வெட்டிய பைப் முனை மொட்டையாகவே விடப்பட்டிருந்தது. கம்பனி பைப்பின் ஹோஸ் ஏறும் முனையைத் தடவினால் ஒரு வளையப் புடைப்பு தட்டுப்படும். அந்தப் புடைப்புக்குப் பின்னால் கிளிப் உட்கார்ந்தால் ஹோஸ் வழுக்கி வர முடியாது. மொட்டை முனையில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் அது உராய்வை மட்டுமே நம்பி நிற்கிறது. ரப்பர் ஊதி மென்மையானதும் உராய்வும் போய்விட்டது.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. துளையிட்ட பட்டி கொண்ட மலிவுக் கிளிப்பின் துளைகள் ரப்பரைத் துருவிச் சீவியிருந்தன. இறுக்க இறுக்க ஆழமாக வெட்டும். ஓரம் மடித்த, துளை இல்லாத பட்டியுள்ள கிளிப் அல்லது கம்பனியின் ஸ்பிரிங் கிளிப்தான் இந்த இடத்துக்கு உரியது. ஸ்பிரிங் கிளிப்புக்கு இன்னொரு நன்மை உண்டு. ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அதுவும் கூடவே போய்வரும்.

என்ன பைப்

கடைக்காரர் முதலில் கேட்பது "எவ்வளவு பிரஷர் தாங்க வேண்டும்?" என்றுதான். கூலர் வழியில் பிரஷர் பெரிய பிரச்சினை இல்லை. பிரேக் பைப்பின் பிரஷரோடு ஒப்பிட்டால் இது சிறு துளி. இங்கே பைப்பைக் கொல்வது சூடு, உப்பு, அதிர்வு மூன்றும்தான். தெரிவை அந்த மூன்றையும் வைத்தே செய்ய வேண்டும்.

ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடைகள் டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஊரில் இருக்கின்றன. முழு நீளமும் அதையே போட்டால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். சாதாரணமாகக் கிடைக்கும் ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸ், அதாவது 100 ஆர்1 வகை, பிரஷருக்குத் தேவையைவிடப் பல மடங்கு பலம். ஆனால் அதன் வெப்ப எல்லை 100 பாகை செல்சியஸ். சுமை ஏற்றி ஏற்றம் ஏறும்போதோ, மணலில் படகு இழுக்கும்போதோ கன்வேட்டரிலிருந்து (இஞ்சினின் இழுவையை ஒயில் மூலம் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கும் பகுதி) வெளிவரும் ஒயில் அதைத் தாண்டிவிடும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் ரேடியேட்டருக்கே மூச்சு முட்டும். அதோடு 8 மி.மீ. அளவில் அந்த ஹோஸை 115 மி.மீ. ஆரைக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. கியர் பொக்ஸுக்கும் தளத்துக்கும் இடையில் அவ்வளவு இடம் எங்கே? பலம் என்ற சொல்லை மட்டும் கேட்டு இதை வாங்குவது பிழை.

ஏசி வேலைக்கான செப்புப் பைப் கையால் வளையும், எங்கும் கிடைக்கும். அதனால் நிறைய வாகனங்களில் பார்க்கலாம். ஆனால் தூய செப்பு, டீசல் இஞ்சினின் அதிர்வில் இறுகி இறுகி, பிளேர் போட்ட (நட்டுக்குள் உட்கார முனையை விரித்த) கழுத்தில் மெல்லிய வெடிப்பு விடும். இந்த வேலைக்கு அதை ஒதுக்கிவிட வேண்டும்.

கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பழைய கம்பனிப் பைப், வடிவம் சரியாக இருப்பதால் கவர்ச்சியானது. வாங்கினால் இரு முனையிலும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கழற்றி மாதக் கணக்கில் வாய் திறந்து கிடந்த பைப்பின் உட்சுவரில் துரு பிடித்திருக்கும், அந்தத் துரு முழுவதும் கியர் பொக்ஸுக்குத்தான் போகும். நல்ல நிலையில், வாய் அடைத்து வந்தால் தயங்காமல் வாங்கலாம். புதிய கம்பனிப் பைப் கிடைத்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. இந்த வாகனத்துக்கு ஒன்று மட்டும்தான் ஓடருக்குக் கிடைக்கும் என்றார்கள், அதுவும் வாரக் கணக்கில் காத்திருந்து.

ஸ்டெயின்லெஸ் உப்பைத் தாங்கும். ஆனால் கையிலுள்ள சாதாரணக் கருவியால் அதில் ஒழுங்கான இரட்டை மடிப்புப் பிளேர் விழாது, ஓரம் பிளக்கும். லேத் கடையில் நல்ல கருவி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மிஞ்சியது செப்பு நிக்கல் கலவைப் பைப்: 90 வீதம் செப்பு, 10 வீதம் நிக்கல். கடல்நீர்க் குழாய்களுக்குக் கப்பல்களில் போடும் உலோகமே இது. பிரேக் பைப்பாகவும் நீண்ட காலம் பாவனையில் உள்ளது. செப்பைவிட அதிர்வைத் தாங்கும், உருக்கைவிட இலகுவாக வளையும், பிளேர் சுத்தமாக விழும். இந்த டபுள் கேப்புக்கு இரண்டு பைப்பும் இதிலேயே போடப்பட்டன. ஒன்றில் மட்டும் ஓட்டை என்றாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒரே வயது, ஒரே உப்பு.

இதில் ஒரு எச்சரிக்கை. செப்புக் கலவை உருக்கைத் தொட்டபடி உப்புத் தண்ணீரில் நனைந்தால், உருக்குப் பக்கம் வேகமாகத் தின்னப்படும். எனவே தாங்கிக் கிளிப் ஒவ்வொன்றிலும் புது ரப்பர் உறை கட்டாயம்.

ரப்பர் எங்கே வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வாகனத்தில் பைப்கள் கியர் பொக்ஸிலும் இஞ்சினிலுமே பிடிக்கப்பட்டிருக்கின்றன, அவற்றோடு சேர்ந்தே ஆடும். ரேடியேட்டர் பொடியோடு நிற்கிறது. ஆகவே ரப்பர் தேவைப்படுவது முன்னால், இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு சாண் தூரத்தில் மட்டும். அங்கே போட வேண்டியது எஸ்.ஏ.இ. ஜே1532 என்று உடலில் அச்சிட்ட கியர் ஒயில் கூலர் ஹோஸ். அச்சு இல்லாத ஹோஸை, கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் எடுக்க வேண்டாம். டீசல் ஹோஸ் ஒயிலைத் தாங்கும், ஆனால் இந்தச் சூட்டில் சீக்கிரம் கட்டியாகி வெடிக்கும். வீதியில் நின்றால் ஊர் வந்து சேர மட்டும் அது உதவும்.

அளவு

பழைய பைப்பைத் துரு இல்லாத இடத்தில் வேர்னியரால் அளந்தபோது வெளிவிட்டம் 10 மி.மீ., சுவர் 1 மி.மீ. அப்படியென்றால் உள்விட்டம் 8. "8 மி.மீ. பைப் போதும்தானே" என்று வெளிவிட்டம் 8 உள்ளதை வாங்கினால் உள்ளே 6 மி.மீ.தான் கிடைக்கும். அடர்த்தியான ஒயில் சீராக ஓடும்போது தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிராக மாறும்: 8ஐ 6ஆல் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்தால் 3க்குச் சற்று மேல். இரண்டே மில்லிமீற்றர் குறைந்ததற்கு மூன்று மடங்கு தடை. பல கியர் பொக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் ஒயில்தான் உள்ளேயுள்ள பற்சக்கரங்களுக்கு உயவு. அதைக் குறைத்தால் சூடும் ஏறும், உயவும் போகும்.

இலங்கைக் கடைகளில் அங்குல அளவும் மில்லிமீற்றர் அளவும் ஒரே கொக்கியில் தொங்கும். மூன்றெட்டு (3/8) அங்குலப் பைப் 9.5 மி.மீ., 10 மி.மீ. நட்டுக்குள் போகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தளர்வாக நின்று பிளேர் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாகச் சாயும், கசியும். நட்டைக் கையில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். ஹோஸுக்கு மட்டும் மூன்றெட்டு அங்குல உள்விட்டம் சரி. 10 மி.மீ. பைப்பில் இறுக்கமாக ஏறும்.

பிளேரின் கோணமும் அப்படித்தான். வாகனப் பைப்பில் 45 பாகை, ஹைட்ரோலிக் இணைப்பில் 37 பாகை. ஒன்றை மற்றதில் போட்டால் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில்தான் தொடும். முதல் நாள் கசியாது, பத்தாம் நாள் கசியும்.

வாங்கியவை: 10 மி.மீ. செப்பு நிக்கல் பைப் 4 மீற்றர், ஜே1532 ஹோஸ் 1 மீற்றர், ஓரம் மடித்த கிளிப் நான்கும் உபரியாக இரண்டும், ரப்பர் உறையுள்ள தாங்கிக் கிளிப் ஐந்து, கைநூலில் சொன்ன வகைக் கியர் ஒயில் 8 லீற்றர். பைப்பின் தேவை இரண்டுக்கும் சேர்த்து 3 மீற்றர்தான். மிச்சம் பிளேர் பழக.

வேலை

பழைய பைப்பைக் கழற்றும்போது வளைவு கெடாமல் எடுத்து, தடித்த கட்டுக்கம்பியை அதன்மேல் வைத்து அச்சாக வளைத்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் வாயில் இரண்டு ஸ்பானர் இல்லாமல் கை வைக்கக் கூடாது. உள் நட்டை ஒன்றால் பிடித்து, வெளி நட்டை மற்றதால் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பானரால் இழுத்தால் வாய் சேர்ந்து திரும்பி, பிளாஸ்டிக் தொட்டியின் இருக்கை கசியத் தொடங்கும். துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுவது நல்லது.

வெட்டுவதற்கு உருளும் பைப் கட்டர் மட்டும். வாள்பிளேட் அரத்தூள் உள்ளே விழும், திரும்பும் பைப்பில் விழுந்த தூள் நேராக உயவு வழிக்குப் போகும். வளைக்க வளைப்பான், அல்லது வெளியே மாட்டும் ஸ்பிரிங். வளைவின் ஆரை குறைந்தது 30 மி.மீ., அதாவது வெளிவிட்டத்தின் மூன்று மடங்கு. பைப்புக்குள் மணல் நிரப்பி வளைக்கும் பழக்கம் வேலிக்கும் கேற்றுக்கும் சரி, இங்கே வேண்டாம். எவ்வளவு தட்டினாலும் சில மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நட்டைப் பைப்பில் போட்ட பிறகே பிளேர் அடிக்க வேண்டும். அனுபவமுள்ள கையும் தவறும் இடம் இது. இரட்டை மடிப்பின் முதல் அடி ஒரு குமிழியை எழுப்பும், இரண்டாம் அடி அதை உள்ளே மடிக்கும். கியர் பொக்ஸ் முனைக்கு இரண்டு அடியும் வேண்டும். ஹோஸ் முனைக்கு முதல் அடியோடு நிறுத்தினால் போதும், அந்தக் குமிழியே நமக்கு வேண்டிய வளையப் புடைப்பு. பழைய ஒட்டில் இல்லாமல் போனது இதுதான். கருவி இருந்தால் ஒரு நிமிட வேலை.

இரு பைப்பையும் புதுக் கியர் ஒயிலாலேயே கழுவி, 2 பார் காற்றால் ஊதி, மாட்டும்வரை வாயை அடைத்து வைக்க வேண்டும். மண்ணெண்ணெயால் கழுவினால் அது உள்ளே தங்கி ஒயிலைக் கெடுக்கும்.

நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கி, பிறகு ஸ்பானரால் அறுகோணத்தின் ஒரு முகம் அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று. இந்த உலோகம் மென்மையானது. மேலும் இறுக்கினால் பிளேர் மெலிந்து ஓரம் வெட்டுப்படும். கசிந்தால் இறுக்கிப் பயனில்லை, கழற்றி மறுபடி பிளேர் அடிக்க வேண்டும். பைப்பின் ஹோஸ் ஏறும் முனையிலிருந்து 30 மி.மீ. தள்ளிப் பெயின்றால் ஒரு கோடு. அதுவரை ஹோஸ் ஏறியிருக்க வேண்டும், கிளிப் புடைப்புக்கும் கோட்டுக்கும் நடுவில். ஹோஸ் இழுபட்டு நிற்காமல் சற்றுத் தளர்வான வளைவில், விசிறிக்கும் எக்ஸோஸ்டுக்கும் எட்டி இருக்க வேண்டும்.

ஒயில் விடுதலும் சோதனையும்

முதலில் 4 லீற்றர் விட்டு, திரும்பும் ஹோஸைக் கழற்றி அளவு போட்ட போத்தலுக்குள் விட்டு, பார்க்கில் ஐடிலில் 20 செக்கன் ஓட்டப்பட்டது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது, சம்ப் வற்றும். போத்தலில் 1.1 லீற்றர். அரை லீற்றருக்குக் கீழே வந்திருந்தால் எங்கோ நசுங்கிய வளைவு அல்லது அடைபட்ட கூலர். சூடேறினால் மட்டும் கூலர் வழியைத் திறக்கும் வால்வு உள்ள வாகனங்களில் இந்தச் சோதனையை ஒயில் சூடான பின்பே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நல்ல பைப்பையும் குற்றம் சொல்ல நேரும்.

ஹோஸை மாட்டி, எடுத்த அளவைப் புது ஒயிலால் நிரப்பி, சமதரையில் பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில செக்கன் வைத்து மீண்டும் பார்க்குக்குக் கொண்டுவந்து, இருபது நிமிட ஓட்டத்தின் பின் டிப்ஸ்டிக்கின் சூட்டுக் குறியில் அளவு பார்க்கப்பட்டது. போத்தலில் எடுத்தது போக உள்ளே போனது ஐந்தரை லீற்றர். டிப்ஸ்டிக் இல்லாத கியர் பொக்ஸ் என்றால் கைநூல் சொல்லும் ஒயில் வெப்பநிலையில் பக்கத் திருகைத் திறந்துதான் பார்க்க முடியும், கைக்கணக்கு சரிவராது.

சோதனை ஓட்டத்துக்கு 500 கிலோ ஏற்றிக் கந்தளாய் வரை போய்வந்தது. வந்தவுடன் மறுபடி பேபி பவுடர். எங்கும் கோடு விழவில்லை. ஆனால் முதற்சூட்டில் ரப்பர் இளகியிருந்ததால் நாலு கிளிப்பில் மூன்றும் அரைச் சுற்று ஏற்றன. இதை விட்டுவிட்டு வாகனத்தை ஒப்படைப்பதால்தான் "புதுசு போட்டும் கசியுது" என்று திரும்பி வருகிறார்கள். 500 கி.மீ.யில் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி, வேலைத் துண்டில் எழுதிக் கொடுக்கப்பட்டது.

பின்பெட்டியில் ரெஜிபோம் பெட்டிகளின் ஐஸ் தண்ணீர் வடியும் துளை, கியர் பொக்ஸின் பின் தாங்கிக்கு நேர் மேலே இருந்தது. பயணம் முழுவதும் மீன் உப்பு நீர் அந்தத் தாங்கியில் விழுந்து, காற்றோடு சிதறிப் பைப் கிளிப்களில் படிந்திருக்கிறது. அந்தத் துளையை அடைத்து, பின் அச்சுக்கு அப்பால் புதுத் துளை போட்டு ஒரு முழம் பிளாஸ்டிக் ஹோஸ் இறக்கப்பட்டது. சம்ப் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றியபோது இரண்டு சிரட்டை கடல் மணல், ஈரமாகவே. மாதம் ஒரு தடவை அதைக் கழற்றி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்று சாரதிக்குச் சொல்லப்பட்டது. நான்கு நட்தான், பதினைந்து நிமிட வேலை.